ஹிஜ்ரி 396இல் தோன்றிய பேரொளி

ஹிஜ்ரி 396ஆம் ஆண்டு ஷஃபான் பிறை தென்படவிருந்த நாட்களில், அதாவது கி.பி. 1006 ஏப்ரல் மாத இறுதியில், தென்திசை வானத்தில் அதற்கு முன்னர் எவரும் கண்டிராத ஓர் ஒளி தோன்றிற்று. நைல் நதிக்கரையிலும், பக்தாத் நகரிலும், யமன் நாட்டின் மலைகளிலும், ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக் கிறிஸ்தவ மடமொன்றிலும், சீனப் பேரரசின் தலைநகரிலும் மக்கள் அதனை அண்ணாந்து நோக்கினர். ஒருவரையொருவர் அறியாத அம்மக்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே வினாவைத்தான் கேட்டனர்: இது என்ன? இது எதற்காக வந்தது?

வினா ஒன்றாயினும் விடைகள் பலவாயின. அவ்விடைகளின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஏனெனில் அவ்வொளியைப் பற்றி அக்காலத்தார் கூறிய விளக்கங்களில் ஒன்றேனும் இன்று நிற்கவில்லை. ஆனால் அவர்கள் எழுதி வைத்த காட்சிக் குறிப்புகளோ ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அப்படியே நிற்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிந்திக்கத்தக்கது.

ரொட்டி சுடுபவரின் மகன்

அவ்வொளியைக் கண்டவர்களுள் மிகத் துல்லியமாக எழுதி வைத்தவர் அலீ இப்னு ரிள்வான். கெய்ரோவுக்கு எதிர்க்கரையிலுள்ள ஜீஸா என்னும் ஊரில் கி.பி. 988ஆம் ஆண்டளவில், ரொட்டி சுட்டு விற்கும் ஓர் ஏழைக்கு மகனாகப் பிறந்தவர். ஆசானை அமர்த்திக் கற்கும் வசதி இல்லாமையால் நூல்களையே ஆசானாகக் கொண்டார். வறுமையின் பொருட்டுத் தெருவோரத்தில் அமர்ந்து சோதிடம் சொல்லிப் பொருளீட்டியவர், பின்னாளில் எகிப்தின் மருத்துவர்களுக்கெல்லாம் தலைவராக உயர்ந்தார். எகிப்து நாட்டின் காற்று, நீர், உணவு ஆகியவற்றால் விளையும் நோய்களையும் அவற்றைத் தடுக்கும் வழிகளையும் பற்றி அவர் எழுதிய நூல் மருத்துவ வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது.

கிரேக்க அறிஞர் தாலமியின் சோதிட நூலுக்கு அவர் ஓர் உரை வரைந்தார். அவ்வுரையின் இடையே, தம் கல்வியின் தொடக்க காலத்தில் கண்ட ஒரு காட்சியை நினைவுகூருகிறார். விருச்சிக இராசியில், சூரியனுக்கு நேர் எதிரே, வட்ட வடிவில் ஒரு பேரொளி தோன்றியது என்றும், வெள்ளிக் கோளைக் காட்டிலும் இரண்டரை அல்லது மூன்று மடங்கு பெரிதாகத் தெரிந்தது என்றும், அதன் வெளிச்சம் அடிவானத்தை ஒளிரச் செய்து மிகுதியாக மினுங்கியது என்றும், நிலவொளியின் கால் பங்குக்குச் சற்று மிகையான வெளிச்சம் அதற்கிருந்தது என்றும் கூறுகிறார். பிறகு, அது தான் நின்ற இராசியோடு சேர்ந்தே நகர்ந்தது என்றும், சூரியன் கன்னி இராசியை அடைந்தபோது மறைந்துவிட்டது என்றும் முடிக்கிறார்.

இத்துடன் அவர் நின்றிருப்பின் நமக்கு ஆண்டும் நாளும் கிடைத்திரா. ஆனால் அவர் சோதிடர். ஒரு நிகழ்ச்சியின் பலனைக் கணிக்க வேண்டுமாயின் அந்நேரத்தில் கோள்கள் நின்ற நிலையைக் குறிக்க வேண்டும் என்பது அவருடைய தொழில் மரபு. ஆகவே சூரியனும் சந்திரனும் ரிஷப இராசியின் 15ஆம் பாகையில் கூடியிருந்ததையும், ஏனைய கோள்கள் எங்கெங்கே நின்றன என்பதையும், புதிய ஒளி விருச்சிகத்தின் 15ஆம் பாகையில் நின்றதையும் வரிசையாக எழுதி வைத்தார். அந்த நிலைகள் அனைத்தும் ஒருசேர அமையும் நாள் எது என்று இக்காலத்தார் பின்னோக்கிக் கணித்தபோது, கி.பி. 1006 ஏப்ரல் 30 என்ற விடை கிடைத்தது. சூரியனும் சந்திரனும் கூடும் நாள் அமாவாசையன்றோ? நிலவில்லாத இரவில்தான் அவ்வொளி அவர் கண்ணில் அத்துணைப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

சோதிடம் பொய்த்துவிட்டது, சோதிடத்திற்காகக் குறித்த எண்கள் பொய்க்கவில்லை.

பல நாடுகள், பல கண்கள்

இப்னுல் ஜவ்ஸீ, இப்னுல் அஸீர் போன்ற வரலாற்றாசிரியர்களும் இவ்வொளியைக் குறிப்பிடுகின்றனர். ஷஃபான் மாதப் பிறையின்போது வெள்ளியை ஒத்த ஒரு பெரிய விண்மீன் இராக்கின் கிப்லாத் திசைக்கு இடப்புறமாகத் தோன்றியதென்றும், அதன் கதிர்கள் நிலவின் கதிர்களைப் போல் தரையில் விழுந்தனவென்றும், துல்கஃதா மாத நடுவரை நிலைத்திருந்து மறைந்ததென்றும் அவர்கள் கூறுவர். திசையைச் சொல்லக் கிப்லாவை அளவுகோலாகக் கொண்டிருப்பதை நோக்குக. நாள்தோறும் ஐவேளையும் ஒரு திசையை நோக்கி நிற்கும் மக்களுக்கு அதைவிடத் தெளிவான திசைகாட்டி வேறு என்ன இருக்க முடியும்? இராக்கிலிருந்து கிப்லா தென்மேற்கை ஒட்டிய தென்திசை; அதன் இடப்புறம் தென்கிழக்கைச் சாரும். அவ்விண்மீன் உதித்தெழுந்த திசையும் அதுவே.

யமன் நாட்டு வரலாற்று நூல்களில் காணப்படும் குறிப்புகள் இன்னும் வியப்பானவை. அவற்றின்படி ரஜபு மாதத்தின் நடுப்பகுதியிலேயே, அஃதாவது ஏப்ரல் 17ஆம் தேதியளவிலேயே அவ்வொளி அங்கே காணப்பட்டிருக்கிறது. யமன் தெற்கே இருப்பதால் தென்வானத்து விண்மீன்கள் அங்கு உயரமாகத் தெரியும். ஆகவே பிற நாட்டார் காண்பதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்னரே அந்நாட்டார் கண்டிருப்பின் அதில் வியப்பில்லை. இக்குறிப்புகள் 2015ஆம் ஆண்டில்தான் வானநூலாரின் கவனத்துக்கு வந்தன.

இதற்கு நேர்மாறாக, இன்றைய சுவிட்சர்லாந்திலுள்ள செயின்ட் காலன் மடத்துத் துறவிகள் அதனை அடிவானத்தின் விளிம்பில் கண்டனர். கெய்ரோவில் உச்சமாக 22 பாகை உயரத்தில் நின்ற அவ்விண்மீன், அங்கே 4 பாகைக்கு மேல் எழுந்திராது. எனவே அது ஒருகால் சுருங்கியும் ஒருகால் விரிந்தும் ஒருகால் அணைந்தும் தோன்றிற்று என்று தம் ஆண்டுக்குறிப்பில் எழுதிய அவர்கள், மூன்று மாதங்கள் அதனைக் கண்டதாகக் கூறினர். அடிவானத்துக் காற்றும் மலைமுகடுகளும் செய்த வேலை அது.

சீனத்தில் அப்போது சோங் மரபினர் ஆட்சி. வானத்தை இரவுதோறும் கண்காணித்து மன்னருக்கு அறிவிப்பதற்கென்றே அங்கே ஓர் அரசுத் துறை இருந்தது. புதிதாகத் தோன்றும் விண்மீனை அவர்கள் ‘விருந்தாளி விண்மீன்’ என்று அழைத்தனர். அரைநிலவைப் போன்றதென்றும், அதன் ஒளியில் பொருள்களைப் பார்க்க முடிந்ததென்றும் அவர்கள் குறித்தனர். இலையுதிர்காலத்தில் மறைந்த விண்மீன் ஆண்டிறுதியில் மீண்டும் தெரிந்தது என்ற செய்தியையும் அவர்களே தருகின்றனர். இப்னு ரிள்வான் ‘மறைந்துவிட்டது’ என்று எழுதியதன் பொருள் இதனால் விளங்கும். ஒளி அணையவில்லை, சூரியன் அதன் பக்கமாக நகர்ந்து வந்ததால் அது பகல் வானத்துக்குள் புகுந்து கொண்டது.

கெட்ட சகுனமா, நல்ல சகுனமா?

இனி, விளக்கங்களுக்கு வருவோம்.

இப்னு ரிள்வான் இதனைத் தீய சகுனம் என்றே கொண்டார். அதன் விளைவாகப் போர்களும் பஞ்சமும் விலையேற்றமும் கொள்ளை நோயும் பல்லாண்டுகள் மக்களை வாட்டின என்பது அவர் கூற்று. அவர் காலத்துச் சூழலை எண்ணிப் பார்த்தால் அவ்வாறு நினைத்ததில் வியப்பில்லை. எகிப்தை அப்போது ஆண்டவர் பாத்திமீ கலீபா அல்ஹாக்கிம். உமையா மரபினர் என்று தம்மைக் கூறிக்கொண்ட அபூ ரக்வா என்பவர், பர்காவில் மூட்டிய கலகத்தை 1006ஆம் ஆண்டில் எகிப்துக்குள்ளேயே கொண்டு வந்துவிட்டார். தலைநகர் நடுங்கிற்று. அவ்வாண்டிலேயே அவர் தோற்கடிக்கப்பட்டு மறு ஆண்டில் கொல்லப்பட்டாலும், அந்தக் கோடையில் வானில் ஒரு புதிய ஒளியைக் கண்ட இளைஞர் ஒருவருக்கு இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தே தோன்றியிருக்கும்.

அதே ஒளியைச் சீனத்தார் என்ன செய்தனர்? அங்கும் முதலில் அச்சமே பரவிற்று. போரைக் குறிக்கும் விண்மீன் என்று சிலர் பேசினர். அப்பொழுது தெற்கிலிருந்து தலைநகர் திரும்பிய அரசு வானநூலார் சோ கெமிங் என்பவர், இது பொன்னிறமுடைய மங்கல விண்மீன் என்றும், இது தோன்றும் நாடு செழிக்கும் என்றும் மன்னர் ஜென்சோங்கிடம் எடுத்துரைத்தார். மக்களின் மனக்கலக்கம் தீர, அதிகாரிகள் இதனைக் கொண்டாட அனுமதிக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார். மன்னர் மகிழ்ந்தார், அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

ஒரே ஒளி நைல் கரையில் அழிவின் அறிகுறி. மஞ்சள் ஆற்றங்கரையில் ஆக்கத்தின் அறிகுறி. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. பஞ்சமோ போரோ இல்லாத பத்து ஆண்டுகள் அந்நூற்றாண்டில் எந்த நாட்டில் இருந்தன? விண்மீன் தோன்றாத ஆண்டுகளிலும் மக்கள் மடிந்தனர். ஆனால் விண்மீன் தோன்றிய ஆண்டின் சாவுகள்தாம் கணக்கில் எழுதப்பட்டன.

வானத்து நிகழ்ச்சியை மண்ணிலுள்ள மனிதனின் வாழ்வோடும் சாவோடும் முடிச்சிடும் இவ்வழக்கத்துக்கு, இவ்வொளி தோன்றுவதற்கு ஏறத்தாழ 370 ஆண்டுகளுக்கு முன்னரே மதீனாவில் ஒரு மறுப்பு வழங்கப்பட்டிருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமைக் குழந்தை இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. குழந்தையின் மரணத்திற்காகவே சூரியன் ஒளி குன்றிற்று என்று மக்கள் பேசத் தலைப்பட்டனர். மகனை இழந்த துயரில் இருந்த அந்நாளிலும் நபியவர்கள் அப்பேச்சை ஏற்கவில்லை. எவருடைய மரணத்திற்காகவும் பிறப்பிற்காகவும் சூரியனும் சந்திரனும் பீடிக்கப்படுவதில்லை, அவை இறைவனின் அத்தாட்சிகளே என்று விளக்கினார்கள். தமக்குப் பெருமை சேர்க்கும் ஒரு விளக்கத்தை, அது உண்மையன்று என்ற ஒரே காரணத்தால் விலக்கிய நிகழ்ச்சி அது. அப்படியிருந்தும் பிற்காலத்து அரண்மனைகளில் சோதிடர்களுக்கு இருக்கை குறையவில்லை என்பது வரலாறு.

இப்னு சீனாவின் விடை

சகுனம் பார்க்காதவர்களும் இருந்தனர். மருத்துவ மேதை இப்னு சீனா அப்போது இருபத்தாறு வயதையொட்டிய இளைஞர். பின்னாளில் அவர் இயற்றிய ‘கிதாபுஷ் ஷிஃபா’ என்னும் பெருநூலில், வானிலை நிகழ்ச்சிகளைப் பேசும் பகுதியில், விண்மீன்களுக்கு நடுவே ஒரு விண்மீனாக நின்று, ஏறத்தாழ மூன்று மாதங்கள் இருந்து, மெல்ல மெல்ல மங்கி மறைந்த ஒன்றைப் பற்றிக் கூறுகிறார். அது பொறிகளைச் சிதறுவது போல் மினுங்கியது என்றும், தொடக்கத்தில் கருமையும் பசுமையும் கலந்திருந்து பின்னர் வெளுத்தது என்றும் நிறமாற்றத்தைக்கூட விடாமல் குறிக்கிறார். ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் இக்குறிப்பை எடுத்துக்காட்டி, இது 1006ஆம் ஆண்டின் பேரொளியே என்று நிறுவினர். எத்தனையோ தலைமுறைகள் ஓதிய நூலில் இச்செய்தி அதுவரை வானநூலாரின் கண்ணுக்குத் தப்பியிருந்தது.

சோதிடத்தை மறுத்துத் தனி நூலே எழுதியவர் இப்னு சீனா. ஆகவே அவர் போரையும் பஞ்சத்தையும் தேடவில்லை. இயற்கைக் காரணத்தைத் தேடினார். ஆனால் அவர் கையிலிருந்தது அரிஸ்டாட்டிலின் கொள்கை. சந்திரனுக்கு மேலுள்ள வானுலகில் எதுவும் புதிதாகப் பிறவாது, அழியாது, மாறாது. தோன்றி மறையும் ஒளிகள் அனைத்தும் சந்திரனுக்குக் கீழே, பூமியிலிருந்து எழும் உலர்ந்த ஆவி மேலே சென்று தீப்பற்றுவதால் உண்டாகின்றன என்பது அக்கொள்கை. அதன்படி இப்பேரொளியும் மேற்காற்றில் எரிந்த ஒரு நெருப்பே. இப்னு ரிள்வான் இதற்கு ‘நைஸக்’ என்ற பெயரை வழங்கியதும் இக்காரணத்தாலேயே. குறுவேலைக் குறிக்கும் அச்சொல், காற்றுமண்டலத்தில் எரியும் ஒளிகளுக்கு வழங்கி வந்தது.

இங்கே ஒரு முரண்பாட்டை வாசகர்கள் காணலாம். நான்கு மாத காலம் அவ்வொளி தன் இராசியை விட்டு அகலவில்லை என்று இப்னு ரிள்வானே எழுதுகிறார். காற்றில் எரியும் நெருப்பு நான்கு மாதம் ஒரே இடத்தில் எவ்வாறு நிற்கும்? விண்மீன்களோடு உதித்து விண்மீன்களோடு மறையும் ஒன்று, விண்மீன்களின் உலகைச் சேர்ந்ததாகவன்றோ இருக்க வேண்டும்? சான்று அவர் கையிலேயே இருந்தது. கொள்கை அவர் கண்ணை மறைத்தது என்று சொல்வதற்கில்லை, ஏனெனில் கண் சரியாகவே பார்த்தது; பார்த்ததிலிருந்து செல்ல வேண்டிய அடுத்த அடியைத்தான் கொள்கை தடுத்தது.

அந்த அடியை எடுத்து வைக்கும் முறை அவர் ஊருக்கு அயலானதன்று. அல்ஹாக்கிமின் காலத்தில் கெய்ரோவுக்கு வந்து அங்கேயே வாழ்ந்த ஒளியியல் மேதை இப்னுல் ஹைஸம், பால்வீதியைப் பற்றி ஆராய்ந்தார். பால்வீதியும் காற்றுமண்டலத்துப் பொருளே என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. அண்மையிலுள்ள ஒரு பொருளை வெவ்வேறு இடங்களிலிருந்து நோக்கினால் அதன் பின்னணி மாறித் தெரியும். கையை நீட்டி விரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மாறி மாறிப் பார்ப்பவர் எவரும் இதனை அறிவர். பால்வீதியில் அத்தகைய மாற்றம் சிறிதும் காணப்படாமையால் அது காற்றுமண்டலத்தைச் சேர்ந்ததன்று, மிகமிகத் தொலைவிலுள்ளது என்று இப்னுல் ஹைஸம் முடிவு கட்டினார். அதே அளவுகோலைப் புதிய விண்மீனுக்குப் பொருத்தியவர், 1572ஆம் ஆண்டில் வேறொரு புதிய விண்மீனைக் கண்ட டென்மார்க்கு நாட்டு டைக்கோ பிராகே. வானுலகம் மாறும் என்ற உண்மை அதன் பின்னரே ஐரோப்பாவில் வேரூன்றத் தொடங்கிற்று.

இரு மருத்துவர்கள், இரு விண்மீன்கள்

இப்னு ரிள்வானின் வாழ்வில் மற்றொரு மருத்துவரும் குறுக்கிடுகிறார். பக்தாதைச் சேர்ந்த கிறிஸ்தவ மருத்துவர் இப்னு புத்லான், 1049ஆம் ஆண்டில் கெய்ரோவுக்கு வந்தார். கோழிக்குஞ்சின் உடல் வெப்பம் மிகுந்ததா, பறவைக்குஞ்சின் உடல் வெப்பம் மிகுந்ததா என்பதில் தொடங்கிய வாதம், ஆசானிடம் கற்பது சிறந்ததா, நூல்களிலிருந்து தாமே கற்பது சிறந்ததா என்ற பெரும் போராக வளர்ந்தது. ஏடும் எதிரேடுமாக இருவரும் ஒருவரையொருவர் கடுமையாகச் சாடினர். மனம் கசந்த இப்னு புத்லான் எகிப்தைவிட்டு நீங்கிக் கான்ஸ்டாண்டிநோபிளுக்குச் சென்றார்.

அங்கே அவர் இருந்த ஹிஜ்ரி 446ஆம் ஆண்டில், கி.பி. 1054இல், மிதுன இராசியில் ஒரு புதிய விண்மீன் தோன்றிற்று. அவ்வாண்டுக் கோடையில் அந்நகரில் கொள்ளை நோய் பரவியதையும், இடுகாடுகள் நிரம்பிவிட்டமையால் ஒரு தேவாலயத்தில் மட்டும் 14,000 உடல்கள் அடக்கப்பட்டதையும், நைல் நதி வற்றி எகிப்திலும் பெருஞ்சாவு நேர்ந்ததையும் அவர் எழுதி வைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ தம் நூலில் அக்குறிப்பைப் பாதுகாத்தார். 1054ஆம் ஆண்டு விண்மீனைச் சீனரும் ஜப்பானியரும் கண்டிருக்க, அரபு நாட்டார் மட்டும் ஏன் காணவில்லை என்று மேற்கத்திய அறிஞர்கள் நெடுங்காலம் கேட்டு வந்தனர். அரிஸ்டாட்டிலின் கொள்கையில் ஊறியவர்கள் மாற்றத்தைக் கண்டும் காணாது விட்டிருப்பர் என்றும் சிலர் கருதினர். 1978ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ ஆய்விதழில் இப்னு புத்லானின் குறிப்பு வெளியானபோது அக்கேள்விக்கு விடை கிடைத்தது.

நூற்றாண்டின் இரு பெரும் விண்ணொளிகளில் ஒன்றை ஒருவரும் மற்றொன்றை மற்றவரும் பதிவு செய்திருக்கின்றனர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விரும்பாத அவ்விருவரின் பெயர்களும் இன்று வானநூல் வரலாற்றில் ஒரே பக்கத்தில் இடம்பெறுகின்றன. இருவரும் ஒளியைக் கொள்ளை நோயோடு இணைத்தே பார்த்தனர் என்பதில் மட்டும் ஒற்றுமை.

இஸ்தான்பூலில் இடிந்த கூடம்

தவறான விளக்கத்தால் நேரும் கேடு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. உதுமானியப் பேரரசில் மூன்றாம் முராத் சுல்தானின் ஆதரவோடு, டமாஸ்கஸில் பிறந்த தகீயுத்தீன் என்னும் பேரறிஞர், 1577ஆம் ஆண்டில் இஸ்தான்பூலில் ஒரு வான் ஆய்வுக்கூடத்தை நிறைவு செய்தார். அவ்வாண்டின் நவம்பரில் பெரியதொரு வால்விண்மீன் தோன்றிற்று. அதே வால்விண்மீனை டென்மார்க்கில் டைக்கோ அளந்து, அது சந்திரனைவிடப் பன்மடங்கு தொலைவிலுள்ளது என்று காட்டினார். தகீயுத்தீனிடம் அரண்மனை எதிர்பார்த்ததோ அளவையன்று, பலனை. ஈரானியர் மீதான வெற்றியையும் சுபிட்சத்தையும் அது குறிப்பதாக அவர் சொன்னார். தொடர்ந்த ஆண்டுகளில் கொள்ளை நோயும் பெரியோர் சிலரின் மறைவும் நேர்ந்தன. வான இரகசியங்களைத் துருவுவது நாட்டுக்குக் கேடு என்ற குரல் ஓங்கிற்று. 1580 ஜனவரியில், கடற்படைத் தலைவரின் ஆட்களைக் கொண்டே அக்கூடம் தரைமட்டமாக்கப்பட்டது.

அரசியல் பகைமைகளும் இதற்குக் காரணமாயிருந்தன என்பர் வரலாற்றறிஞர். அது எவ்வாறாயினும், டைக்கோவின் கருவிகளோடு ஒப்பிடத்தக்க கருவிகள் அக்கூடத்தில் இருந்தன என்பதை மறக்கலாகாது. கருவியில் குறைவில்லை, அறிவிலும் குறைவில்லை. விண்ணொளி ஒன்றுக்கு நல்ல சேதி சொல்ல வேண்டிய நிலைக்கு ஓர் அறிஞர் ஆளாக்கப்பட்டார். நல்ல சேதி சொல்லப் பழகிய வானம், தீய சேதிக்கும் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

இன்றைய விடை

1965ஆம் ஆண்டில் பெர்னார்டு கோல்ட்ஸ்டைன் என்னும் வரலாற்றறிஞர், இப்னு ரிள்வான் முதலியோரின் அரபுக் குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்து, 1006ஆம் ஆண்டில் தோன்றியது விண்மீன் வெடிப்பே என்று எடுத்துரைத்தார். அவ்வாண்டிலேயே ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியைக் கொண்டு ஆராய்ந்த வானநூலார், அந்த வான்பகுதியில் முழுநிலவின் அகலத்தையொத்த ஒரு வளையத்தை அதன் எச்சமாக அடையாளம் கண்டனர். வெறுங்கண்ணுக்குத் தெரியாத அவ்வளையம், 7,000 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இன்றும் விரிந்துகொண்டேயிருக்கிறது. அன்றைய உச்ச ஒளி வெள்ளிக் கோளின் ஒளியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகின்றனர். வரலாற்றில் பதிவான விண்மீன் வெடிப்புகளுள் இதனினும் ஒளி மிக்கது பிறிதில்லை.

அங்கே வெடித்தது, எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன ‘வெண்குள்ளன்’ என்னும் வகை விண்மீன். பூமியளவே இருந்தாலும் சூரியனுக்கு நிகரான எடையுள்ளது அது. அத்தகைய விண்மீன் சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு எடைக்கு மேல் தாங்கி நிற்க இயலாது என்று கணித்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930ஆம் ஆண்டில் கப்பலேறி இங்கிலாந்து சென்ற வழியில், பத்தொன்பது வயதில் அவர் போட்ட கணக்கு அது. 1935இல் எடிங்டன் என்னும் புகழ்பெற்ற வானநூலார் அவையறிய அதனை மறுத்துரைத்தார். இளைஞரின் கணக்கே வென்றது. 1983இல் நோபல் பரிசும் வந்தது. பேரறிஞரின் சொல்லாயினும் சான்றுக்கு முன் அது நிற்காது என்பதற்கு அரிஸ்டாட்டில் மட்டும் எடுத்துக்காட்டல்லர்.

இதனால் எல்லாம் விளங்கிவிட்டதா என்றால், இல்லை. வெண்குள்ளன் ஒன்று தன் துணை விண்மீனிடமிருந்து பொருளை உறிஞ்சிப் பெருத்து வெடித்ததா, அன்றி இரு வெண்குள்ளன்கள் ஒன்றோடொன்று மோதி வெடித்தனவா என்பது வினா. முதலாவது உண்மையாயின் துணை விண்மீன் எஞ்சியிருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று அவ்விடத்தை அலசிப் பார்த்து, அத்தகைய துணை எதுவும் அங்கு இல்லை என்று அறிவித்தது. ஆகவே இரு வெண்குள்ளன்களின் மோதலே காரணமாகலாம் என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. ‘ஆகலாம்’ என்ற இச்சொல்லை அறிவியலார் கூச்சமின்றிச் சொல்கின்றனர். அது அவர்களின் பெருமை.

1006ஆம் ஆண்டின் அச்சத்தையும் மகிழ்ச்சியையும் நாம் ஏளனம் செய்ய வேண்டுவதில்லை. இரவோடு இரவாக வானில் ஒரு புதிய ஒளி தோன்றித் தரையில் நிழல் விழச் செய்தால், இன்றும் தெருக்களில் என்னென்ன பேச்சுகள் எழும் என்பதை நாம் அறிவோம். அம்மக்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது வேறு. தாம் கண்டது என்ன என்பதையும், அதற்குத் தாம் கற்பித்த பொருள் என்ன என்பதையும் இப்னு ரிள்வான் ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை. எந்த இராசி, எந்தப் பாகை, எவ்வளவு ஒளி, எதுவரை இருந்தது என்று முதலில் எழுதினார். பலனை அதன் பின்னரே எழுதினார். பலனை நாம் நீக்கிவிடலாம். எஞ்சியது முழுமையாக இருக்கிறது. இராக்கின் வரலாற்றாசிரியர்களோ பலன் கூறாமலே கண்டதைக் கண்டபடி கூறி நிறுத்தினர். விளங்காத ஒன்றை விளங்காத நிலையிலேயே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதும் ஓர் அமானிதமே. அந்த அமானிதம் ஏறத்தாழ 960 ஆண்டுகள் ஏடுகளில் காத்திருந்து, உரியவர்களின் கைக்கு வந்து சேர்ந்தது.